பதினாறு கட்டம்

பெரிய ஆஸ்பத்திரியில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது பன்னிரண்டு வெளிச்சப் பெட்டிகளை நான்தான் எடுத்தேன். எக்ஸ்ரே படத்தை மேலே செருகி சுவிட்சைத் தட்டினால் பின்னாலிருந்து வெள்ளை வெளிச்சம் வரும், டாக்டர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்ப்பார், அந்தப் பெட்டிகள். நான் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கிறவன். பெட்டியின் முகத்தில் இருக்கும் பால்வெள்ளைத் தகடு எனக்கு வேண்டியிருந்தது. பதினொன்றைப் பிரித்துத் தகட்டைக் கழற்றிவிட்டேன். பன்னிரண்டாவது பெட்டி ஒரு சிமிட்டல்கூட இல்லாமல் பளிச்சென்று எரிந்தது. அதை உடைக்க மனசு வரவில்லை. அதன் மூலையில் யாரோ நீல மையால் சின்னதாக ஓர் அம்புக்குறி போட்டு ‘இடது’ என்று எழுதியிருந்தார்கள்.

“நல்லா எரியுதே, ஏன் தள்ளி விடுறீங்க?” என்று ஸ்டோர்க்காரரிடம் கேட்டேன்.

“இனிமே யாரும் படம் பாக்கக் கூடாதுங்க. ஆர்டர் வந்திருக்கு. மெஷின்தான் பாக்கும்.”

எனக்கென்ன போச்சு என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை.

எட்டு மாதம் கழித்து வந்தது. என் கடையின் மறுபாதியில் என் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைப்பாள். இந்தப் பக்கம் என் சுத்தியல், அந்தப் பக்கம் அவள் தையல் மெஷின். இருபத்திரண்டு வருஷம் ஒருவர் சத்தத்தை ஒருவர் திட்டிக்கொண்டே காலம் தள்ளினோம். ஒருநாள் வெள்ளைச் சட்டைக்குக் காலர் வைக்கும்போது இருமினாள். காலரில் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது. அதைச் சோப்புப் போட்டுக் கசக்கிக் காயவைத்து, இஸ்திரி போட்டு, சட்டையைக் கட்டி அனுப்பிய பிறகுதான் என்னிடம் சொன்னாள். அவள் குணம் அப்படி. முதலில் வேலை முடியவேண்டும்.

தெருமுனை டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். முகம் கொஞ்சம் மாறியது.

“நெஞ்சுப் படம் எடுத்துடுங்க. எழுதித் தர்றேன். ஆனா என்கிட்ட கொண்டு வராதீங்க. நான் பாத்தேன்னு தெரிஞ்சா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க. எல்லாப் படமும் மையத்துக்குத்தான் போகணும்.”

மையம் என்றால் குவாண்டம் நோயறி மையம். பெரிய ஆஸ்பத்திரியில் முன்பு நெஞ்சு நோய்ப் பிரிவு இருந்த இடம்தான். சுவருக்கு வெள்ளையடித்து, தரைக்குக் கம்பளம் போட்டு, கதவுகளுக்கெல்லாம் ரப்பர் ஒட்டியிருந்தார்கள். வாசலில் பெரிய எழுத்தில் ‘இங்கே இருமக் கூடாது’ என்று பலகை இருந்தது. நெஞ்சு நோய்க்காரர்கள் வருகிற இடத்தில் இப்படி ஒரு பலகை வைப்பதற்கு ஒரு தனி மூளை வேண்டும். அந்த மூளை அங்கே சம்பளத்துக்கு இருந்தது.

வாசல் காவலாளி என் மனைவியின் கையில் ஒரு தலையணையைக் கொடுத்தான்.

“இருமல் வந்தா இதுல வாயை வச்சு அமுக்கிக்குங்கக்கா. உள்ள ஒரு துகள் இருக்கு. சத்தம் கேட்டா பயந்துக்கும்.”

“நானும்தான் பயந்து போயிருக்கேன். எனக்கு யாருப்பா தலையணை கொடுப்பா?” என்றாள் அவள்.

படம் எடுப்பது பழைய மாதிரிதான். நெஞ்சைத் தகட்டில் ஒட்டி, மூச்சைப் பிடித்து, விட்டால் முடிந்தது. அதற்குப் பிறகுதான் திருவிழா. கழுவிய படம் இருட்டறைக்குள் வரும்போது அங்கே ஒரு வயதான டாக்டர் நிற்பார். முப்பத்தோரு வருஷம் படம் பார்த்துச் சொன்னவர். இப்போது அவர் வேலை, படத்தைப் பார்க்காமல் கறுப்பு உறைக்குள் போட்டு, பசை தடவி ஒட்டி, ‘நான் பார்க்கவில்லை’ என்று உறைமேல் கையெழுத்துப் போடுவது. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்காத டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். அவரும் என்ன என்று திரும்பிப் பார்ப்பார்.

உறையோடு கவுன்டருக்குப் போனோம். அங்கிருந்த அம்மா ஒரு ஃபாரத்தை நீட்டினாள். ‘இப்படத்தை நானோ என் குடும்பத்தாரோ ஜன்னல், விளக்கு, சூரியன் முதலான எவ்வித வெளிச்சத்திலும் பார்க்கவில்லை, பார்க்க மாட்டோம் என்று உறுதியளிக்கிறேன்’ என்று இருந்தது.

“எங்க படத்தை நாங்க பாக்கக் கூடாதாம்மா?”

“கூடாதுங்க. மெஷினுக்கு முன்னாடி மனுஷன் பாத்துட்டா படம் கெட்டுடும்.”

“எப்படிக் கெடும்?”

“அது ஃபாரத்துல இல்லைங்க.”

“சரி, நீங்களே வச்சுக்குங்க, மெஷினுக்குக் குடுக்கறப்ப எடுத்துக்குங்க.”

“ஐயோ, இங்க வைக்க முடியாது. எங்க ஆளுங்க எடுத்துப் பாத்துடுவாங்க. பழக்க தோஷம். நீங்கதான் வீட்டுல பத்திரமா வச்சிருந்து கூப்பிடறப்ப கொண்டு வரணும்.”

கையெழுத்துப் போட்டேன். அவள் தேதியைப் பதிவேட்டில் ஏற்றி, உறையின் மேல் 417 என்று எண் குத்திக் கொடுத்தாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தோம். வெயில் சாய்ந்து மடிமேல் விழுந்தது. உறை என் மடியில் இருந்தது.

“பிரிச்சுப் பாருங்களேன்,” என்றாள்.

“கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“போட்டா என்ன? காலம்பூரா படத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற ஆளு. கல்யாணப் படத்துல பின்வரிசையில ஒருத்தன் கண்ணை மூடியிருந்தாக்கூடக் கண்டுபிடிச்சுச் சொல்றீங்க. பொண்டாட்டி நெஞ்சைப் பாக்க மாட்டீங்களா?”

“கெட்டுப்போயிடும்னு சொல்றாங்களே. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடுச்சுன்னா?”

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து இருமினாள். வீட்டுக்கு வந்ததும் உறையை பீரோ மேலே, பழைய சூட்கேஸுக்குக் கீழே வைத்தேன். வெளிச்சம் படாத இடம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு விளக்கக் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். இயக்குநர் பேசினார். அவர் டாக்டர்தான், மருத்துவ டாக்டர் இல்லை, வேறு எதற்கோ டாக்டர். மெலிந்த மனிதர், நல்ல உடுப்பு, நம்மைப் பார்க்காமல் நம் தலைக்கு மேலே ஓர் அடி உயரத்தில் யாரோ நிற்பதைப் போலப் பேசினார்.

“அன்பார்ந்த பயனாளிகளே! பழைய காலத்தில் ஒரு டாக்டர் ஒரு படத்தை இரண்டே நிமிடத்தில் பார்த்து முடிவு சொன்னார். ஓர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இரண்டு நிமிடம்! அந்த அலட்சியத்தை நாம் ஒழித்திருக்கிறோம். இன்று ஒவ்வொரு படத்துக்கும் குறைந்தது நூறு நாள் எடுத்துக்கொள்கிறோம்.”

முன்வரிசை ஊழியர்கள் தட்டினார்கள். நாங்களும் தட்டினோம். தட்டாவிட்டால் படத்தைக் கடைசியில் வைத்துவிடுவார்களோ என்று ஒரு பயம்.

“மனிதக் கண் தவறு செய்யும். நூறு படத்தில் ஐந்து தவறு என்று கணக்கு இருக்கிறது. எங்கள் இயந்திரம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு தவறுகூடச் செய்யவில்லை. ஏனென்றால் அது இன்னும் ஒரு படத்துக்கும் முடிவு சொல்லவில்லை. இந்தச் சாதனையை உலகத்தில் வேறு எந்த ஆஸ்பத்திரியும் நெருங்க முடியாது.”

பிறகு திரையில் ஒரு நெஞ்சுப் படத்தைப் போட்டார். விலா எலும்பு, இதயம், எல்லாம் தெளிவாக இருந்தது. ஊழியர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளங்கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை, அப்படியொரு பயிற்சி. “பயப்படாதீர்கள், இது பொம்மைப் படம்,” என்றார் இயக்குநர். கைகளை இறக்கினார்கள்.

“இதை அப்படியே இயந்திரத்துக்குள் செலுத்த முடியாது. நமது இயந்திரத்தின் உள்ளே இருப்பது மிகச் சில துகள்கள். ஆகவே படத்தைப் பதினாறு கட்டங்களாகச் சுருக்குகிறோம்.”

ஒரு பட்டனை அமுக்கினார். நெஞ்சு மறைந்தது. நாலுக்கு நாலாகப் பதினாறு சதுரம். ஒன்று வெளிர்ச் சாம்பல், ஒன்று கொஞ்சம் கறுத்த சாம்பல், அவ்வளவுதான். குளியலறைச் சுவரில் ஓடு பதிக்கும்போது தரம் பிரிக்காமல் பதித்த மாதிரி இருந்தது.

நான் கை தூக்கினேன். கூட்டத்தில் கை தூக்குகிறவன் இல்லை நான். தொழில் சம்பந்தப்பட்டதால் கை தானாகப் போய்விட்டது.

“ஐயா, ஒரு கல்யாணப் படத்தை இப்படிப் பதினாறு கட்டம் ஆக்கினா மாப்பிள்ளை எது, பின்னாடி கிடக்கிற நாற்காலி எதுன்னு தெரியாதே. இதுல உள்ள இருக்கிற கட்டி எப்படித் தெரியும்?”

“அற்புதமான கேள்வி,” என்றார் இயக்குநர், என் தலைக்கு மேலே பார்த்து. “அதற்குத்தான் குவாண்டம்.”

எனக்குப் பக்கத்தில் ஒரு லாரி டிரைவர், அம்மாவுக்காக வந்தவர், எழுந்து, “மெஷின் எப்பங்க சொல்லும்?” என்றார்.

“அது எல்லாப் பதிலையும் ஒரே சமயத்தில் யோசித்துக்கொண்டிருக்கிறது.”

“அதுல ஒண்ணைச் சொல்லச் சொல்லுங்களேன், போதும்.”

“பதில் ஒன்றுதான் இருக்கவேண்டும் என்பது பழைய மனோபாவம்,” என்றார் இயக்குநர். லாரி டிரைவர் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பழைய மனோபாவம்தான் இருந்தது.

அதன்பிறகு காத்திருந்தோம். இயந்திரத்தை விண்வெளியைவிடக் குளிராக வைத்திருக்க வேண்டுமாம். அப்படிக் குளிர்வதற்கு மூன்று வாரம் ஆகும். முதல் தடவை குளிர்ந்து முடிகிற நாளில் யாரோ ஒரு கதவை ஓங்கிச் சாத்திவிட்டார்கள். மறுபடி மூன்று வாரம். அடுத்த தடவை வரிசையில் ஒருவர் தலையணை இல்லாமல் இருமிவிட்டார். அவரை வெளியே கூட்டிப் போனார்கள். எல்லோரும் அவரைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தோம். நானும்தான் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நெஞ்சு நோய்க்காரர் இருமாமல் பாட்டா பாடுவார்?

அந்த நூறு நாளில் என் மனைவி தன் ரவிக்கைகளை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். தோள் இறங்கிவிடுகிறது என்றாள். மெஷினை மிதிக்கும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். சத்தம் நின்றால் நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். “உங்க வேலையைப் பாருங்க,” என்பாள்.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். போனோம். நாலு இடம். எல்லா இடத்திலும் வெளிச்சப் பெட்டி மாட்டியிருந்த சுவரில் நாலு ஆணி ஓட்டைதான் இருந்தது. “மையத்தோட கடிதம் இல்லாம நாங்க தொட முடியாதுங்க” என்று சொல்லிவைத்தாற்போல் சொன்னார்கள்.

நூற்றுப் பத்தாம் நாள் கூப்பிட்டார்கள். உறையோடு உள்ளே போனோம். கையுறை போட்ட ஒருவர் அதைச் சுவரில் ஒரு துவாரத்துக்குள் விட்டு, மறுபக்கம் ஒட்டியபடியே எடுத்துக் கொடுத்தார். உள்ளே என்ன நடந்தது என்று அவருக்கும் தெரியாது, பார்க்கக் கூடாதாம். ஒரு மணி நேரத்தில் இயக்குநரே கடிதத்தோடு வந்தார். ஊழியர்கள் எழுந்து நின்றார்கள்.

“வாழ்த்துகள்! உங்கள் எண்தான் முதலில் நிறைவடைந்திருக்கிறது. இயந்திரத்தை ஆயிரம் முறை கேட்டோம். ஐந்நூறு முறை நோய் உண்டு என்றது. ஐந்நூறு முறை நோய் இல்லை என்றது.”

நாங்கள் நின்றோம். அவரும் நின்றார்.

“அப்ப எனக்கு இருக்கா, இல்லையா?” என்றாள் என் மனைவி.

“இரண்டும்.”

“இதுக்கு முதல் நாளே ஒரு காசைச் சுண்டிப் பாத்திருக்கலாமே சார்.”

இயக்குநர் அவள்மேல் கோபப்படவில்லை. பாவம், படிக்காதவள் என்று இரக்கப்பட்டார். “அம்மா, காசு சுண்டினால் அறை வெப்பத்தில் நடக்கும். இது அப்படியில்லை,” என்றார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனோம். வார்டு நர்ஸ் படித்துவிட்டு, “நோய் உண்டுன்னு இருந்தா சேத்துக்கலாம். இல்லைன்னும் இருக்கே,” என்றாள். வெளியேறும் வாசலில் சீட்டுக் கிழிக்கிறவர், “நோய் இல்லைன்னு இருந்தா அனுப்பிடலாம். உண்டுன்னும் இருக்கே,” என்றார். கடைசியில் இரண்டு பிரிவும் கூடிப் பேசி, ஒரு கட்டிலை வார்டு வாசற்படியில் குறுக்கே போட்டார்கள். தலை வார்டுக்குள், கால் வராந்தாவில். தரையில் மஞ்சள் கோடு கிழித்தார்கள். மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தார்கள். நர்ஸ் தலைப்பக்கம் வந்து ஜுரம் பார்ப்பாள். கால் வீங்கியிருக்கிறது என்று சொன்னால், “அது எங்க பக்கம் இல்லைங்க,” என்பாள்.

ஒன்பது நாள் அப்படிக் கிடந்தாள். போகிற வருகிற தள்ளுவண்டி எல்லாம் அவள் கட்டிலில் இடித்தது. பத்தாம் நாள் காலை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. எனக்கு முழுசா ஒரு இடத்துல படுக்கணும்,” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வராந்தாவில் நின்று வாய்விட்டு அழுதேன். காவலாளி ஓடிவந்து தலையணையைக் கொடுத்தான்.

வீட்டில் அவளைப் படுக்கவைத்துவிட்டு மறுபடியும் பீரோ மேலேயே கொண்டுவந்து வைத்திருந்த உறையை எடுத்தேன். நேராகக் கடைக்குப் போனேன். அந்தப் பன்னிரண்டாவது பெட்டியின் சுவிட்சைத் தட்டினேன். உறையை ஒட்டியிருந்தது நாலு சொட்டுப் பசை. நகத்தால் கீறியதும் விட்டுக்கொண்டது. நாலு மாசம் நான் பயந்தது அந்த நாலு சொட்டுக்குத்தான்.

படத்தைச் செருகினேன். இடது பக்கம், நீல அம்புக்குறிக்கு நேர் கீழே, வெள்ளையாக உருண்டையாக ஒன்று இருந்தது. எலுமிச்சம்பழம் அளவு. நான் படித்தது எட்டாம் வகுப்பு. எனக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு கண்ணிமைப்புக்கூடத் தேவைப்படவில்லை.

படத்தைச் சுருட்டிக்கொண்டு இருட்டறைக்கு ஓடினேன். பார்க்காத டாக்டர் தனியாக இருந்தார். என் கையில் உறை இல்லாத படத்தைப் பார்த்ததும் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

“கையை எடுங்க சார். பாருங்க.”

“வேண்டாம்பா.”

“ஒரு தடவை பாருங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

“நான் பாத்துட்டேன்,” என்றார், கையை எடுக்காமலே.

“எப்ப?”

“அன்னைக்கே. இந்த ரூம்ல ஒரு சிவப்பு லைட்டு உண்டு. முப்பத்தோரு வருஷப் பழக்கம், கண்ணு தானா போயிடுச்சு. புற்றுநோய். ஒரே இடத்துல இருந்துச்சு. அன்னைக்கே அறுத்து எடுத்திருந்தா பிழைக்க வாய்ப்பு இருந்துச்சு.”

“பாத்துட்டு என்ன செஞ்சீங்க?”

“கையெழுத்துப் போட்டேன். பாக்கலைன்னு.” கையை இன்னும் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. “எனக்குப் பென்ஷனுக்குப் பதினோரு மாசம் இருக்குப்பா.”

செருப்பைக் கழற்றி அடிக்கலாம் போல் வந்தது. அடித்திருப்பேன். ஆனால் அதே படத்தை நாலு மாசம் பீரோ மேலே சூட்கேஸை வைத்து அமுக்கி வைத்திருந்தவன் யார்? நானும்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவருக்காவது பென்ஷன் இருந்தது. எனக்கு என்ன இருந்தது?

அவர் ஒரு வெள்ளைத்தாளில் கையால் எழுதி, அறுவை டாக்டர் ஒருவருக்குக் கொடுத்தனுப்பினார். அந்த டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு படத்தை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். புதிதாக ஒன்று எடுத்து அதையும் பார்த்தார். எலுமிச்சம்பழம் இப்போது இரண்டு பக்கமும் விதை போட்டிருந்தது. “இனிமே கத்தி வைக்க முடியாது. நாலு மாசம் முன்னாடி வந்திருக்கணும்,” என்றார். நாலு மாசம் முன்னாடியே வந்தோம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: 417ஆம் எண் படம் மனிதரால் பார்க்கப்பட்டுக் கெட்டுவிட்டதால் கோப்பு மூடப்படுகிறது.

ஐந்து வாரம் இருந்தாள். கடைசி வாரம் வரை, ஒப்புக்கொண்ட சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மதியம் ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னாள். கோத்துக்கொண்டு வந்து நீட்டினேன். வாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மையத்திலிருந்து ஆள் வந்தான். ஒரு படத்துக்குச் சட்டம் போடவேண்டும், பெரிதாக, நுழைவு மண்டபத்தில் மாட்டுகிற மாதிரி, தலைமை விருந்தினர் வந்து திறந்து வைப்பார் என்றான். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சட்டம் போடுகிறவன் நான் ஒருவன்தான். தாளைப் பிரித்தேன். பதினாறு சாம்பல் கட்டம். கீழே பொடி எழுத்தில் 417. அடியில் பதிக்க ஒரு பித்தளைத் தகடு: ‘இயந்திரம் சரியாகக் கண்டறிந்த முதல் நோய்.’

“இது எப்படி சரியாச்சு?” என்று கேட்டேன்.

“அந்த நோயாளி இறந்துட்டாங்கண்ணே. நோய் இருந்தது உறுதி ஆயிடுச்சு. மெஷின் ஐந்நூறு தடவை உண்டுன்னு சொல்லியிருக்கில்ல?”

“மிச்சம் ஐந்நூறு தடவை?”

“அதுக்கு ஒரு கமிட்டி போட்டிருக்கு.”

அவன் போனதும் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். மறுபாதியில் தையல் மெஷின் உறை போட்டுக் கிடந்தது. பிறகு எழுந்து வேலையை ஆரம்பித்தேன். என் தொழிலில் இவ்வளவு நேர்த்தியாக நான் எதையும் செய்ததில்லை. தேக்குச் சட்டம், மூலைக்கு மூலை இழை தெரியாத பொருத்தம். உள்ளே அந்தப் பன்னிரண்டாவது வெளிச்சப் பெட்டியை வைத்தேன். அதன்மேல் அவள் படத்தை, முதல் நாள் எடுத்த படத்தை, கண்ணாடிக்குள் வைத்து இறுக்கினேன். பதினாறு கட்டத் தாளை முதுகுப்பலகைக்குக் கீழே அடைசலாகத் திணித்தேன், எதற்காவது உபயோகப்படட்டும்.

திறப்பு விழாவுக்கு மண்டபம் ஊழியர்களால் நிறைந்திருந்தது. பட்டுத்துணி போர்த்திய சட்டத்துக்குப் பக்கத்தில் நான் நின்றேன், வயர் செருகியிருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில். இயக்குநர் எங்கோ மேலே பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார். தலைமை விருந்தினர், பெரிய பதவியில் இருக்கிறவர், கொட்டாவியை விழுங்கிக்கொண்டு வந்து துணியை இழுத்தார். நான் சுவிட்சைத் தட்டினேன்.

அவள் நெஞ்சு வெள்ளையாக எரிந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. ஒரே நொடியில் மண்டபத்தில் இருந்த ஊழியர்கள் அத்தனை பேரும், இயக்குநர் உட்பட, உள்ளங்கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். திறந்திருந்த கண்கள் விருந்தினருடையதும் என்னுடையதும்தான்.

“அந்த இடது பக்கம், எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கே, அதுதான் நோயா?” என்றார் விருந்தினர்.

கடைசி வரிசையில் பார்க்காத டாக்டர் மெதுவாகக் கையை இறக்கினார். அந்த நீல அம்புக்குறியை அவர் பார்த்தார். அவர் எழுதியதுதானே, அவருக்குத் தெரியாதா?

“ஆமாங்க,” என்றார். “அதுதான்.”

“பாருங்க, பாருங்க!” என்று விருந்தினர் கூவினார். “மருத்துவத்துல ஒரு அட்சரம் தெரியாத ஆளு நான். எனக்கே பாத்ததும் தெரியுது! இவ்வளவு தெளிவா ஒரு மெஷின் காட்டும்னா, இன்னொரு மெஷினும் உடனே வாங்கிடவேண்டியதுதான்!”

கைதட்டல் எழுந்தது. கண்ணைப் பொத்தியிருந்த கைகளை எடுத்துத்தான் தட்டவேண்டும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டே தட்டினார்கள். இயக்குநர் மூடிய கண்ணோடு விருந்தினர் இல்லாத பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

“ஐயா, அது மெஷின் இல்லைங்க!” என்று கத்தினேன். “வெறும் எக்ஸ்ரே படம்! பின்னாடி டியூப்லைட்டு!”

“டியூப்லைட்லயே வேலை செய்யுதா!” என்றார் விருந்தினர். “அடேயப்பா, எவ்வளவு எளிமை!”

காவலாளி என் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்தான். மரியாதையாகத்தான் கூட்டி வந்தான். “சத்தம் போடாதீங்கண்ணே, உள்ள துகள் இருக்கு,” என்றான்.

கவுன்டர் அம்மா கூப்பிட்டாள். பொருளை ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வேண்டுமாம். அதே ஃபாரம். படம் சம்பந்தப்பட்ட எதற்கும் அந்த ஒரு ஃபாரம்தான். ‘எவ்வித வெளிச்சத்திலும் பார்க்கவில்லை’ என்ற வரியைக் குறுக்கே அடித்துவிட்டு, மேலே ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“ஐயோ, இப்படி எழுதினா தேதி போடணுமே,” என்றாள். “எந்தத் தேதியில பாத்தீங்க?”

பசையைக் கீறிய தேதியைச் சொன்னேன். அவள் பழைய பதிவேட்டை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, 417க்கு நேரே உறை கொடுத்த தேதியைக் கண்டுபிடித்து, விரல் விட்டு எண்ணினாள்.

“நாலு மாசம் லேட்டா பாத்திருக்கீங்களே,” என்றாள்.

“ஆமாம்மா,” என்றேன். “லேட்டுதான்.”